உடையாத குதிரை யாருக்கு வேண்டும்?

போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. எத்தனையாவது வளைவில் தங்கச்சி பையன் வாந்தி எடுப்பான் என்று வீட்டில் பந்தயம் கட்டுவது வழக்கம். இந்தத் தடவை 43. ஜெயித்தது அம்மா.

செம்மேடு தாண்டி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறிக்கிடக்கும் ஒரு தோட்டத்துக்குள் ஒரு தங்கும் விடுதி. பெயர் வேண்டாம். அங்கே ‘ஜப்பானிய மண் மணிப் பட்டறை’ என்று ஒன்று நடக்கிறது, நீ எழுதுகிறவளாச்சே, வா என்று சிநேகிதி ஒருத்தி கூப்பிட்டாள். ஒரு ஆளுக்கு 2,800 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. போனேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

சொல்லிக் கொடுக்க வந்தவர் பெங்களூர்க்காரர். நல்ல மனுஷர். ஜப்பானில் கொஞ்ச நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே இதற்கு ‘தொரேய்’ என்று பெயர், கோயில்களில் விற்பார்கள், தீயது அண்டாமல் காக்கும் என்று வீட்டில் கட்டி வைப்பார்கள் என்று சொன்னார். பிறகு ‘வாபி சாபி’ பற்றிப் பேசினார். குறையிலே ஒரு அழகு, நிலையாமையிலே ஒரு அழகு. எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

பட்டறைக்கு மண் கொண்டுவந்தவர் அடிவாரத்து மண்ணுடையார் தாத்தா ஒருவர். பிசைந்த களிமண்ணை உரச்சாக்கில் கட்டி, டிவிஎஸ் 50-இல் வைத்து, அந்த 70 வளைவையும் ஏறி வந்திருந்தார். எங்கள் குலசாமி கோயிலுக்குக் குதிரை செய்து கொடுப்பவர் அவர்தான், அதனால் என்னைத் தெரியும். என் ஆத்தாவை இன்னும் நன்றாகத் தெரியும். அவரைச் சமையல்கட்டுப் பக்கம் ஒரு திண்டில் உட்கார வைத்திருந்தார்கள். டீ கொடுத்தார்கள். பட்டறைக்குள் யாரும் கூப்பிடவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பெண்ணுக்கு மணி வாய் கூடவே மாட்டேன் என்றது. மூன்று தடவை பிளந்துகொண்டது. தாத்தா எழுந்து வந்து, “குடு சாமி” என்று வாங்கி, கட்டைவிரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மணி நின்றது. பெங்களூர்க்காரர் கைதட்டினார். “பாத்தீங்களா, நேச்சுரல் டேலண்ட்!” என்றார்.

ஐம்பத்தைந்து வருஷமாக மண்ணில் கை வைத்திருக்கும் ஆளுக்கு நேச்சுரல் டேலண்ட். பத்து நாள் கற்றவருக்கு ‘ஆர்டிஸ்ட்’. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு கைதட்டல்தான் என்று சொன்னால் நம்புங்கள்.

சாயங்காலம் வண்டியை மிதிக்கும்போது தாத்தா என்னிடம் கேட்டார். “ஏங் கண்ணு, இத எந்தச் சாமிக்குக் கட்டுவாங்க?”

சாமிக்கு இல்லை தாத்தா, பால்கனியில் கட்டுவார்கள் என்றேன்.

“அப்பறம் எதுக்கு மணி?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரனோடு எனக்குச் சண்டையே கிடையாது. அந்த மண் மணியை நான் தேடிப் படித்தவரைக்கும் அது பொறாமைப்பட வேண்டிய பொருள். பூச்சுக் கண்ணாடி ஏதும் இல்லாமல், மெல்லச் சுட்ட மண். உள்ளே ஒரு சின்ன மண் உருண்டை. ஈரமாக இருக்கும்போது அந்த உருண்டை சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் காகிதத்தில் சுற்றி உள்ளே வைத்து மூடுவார்கள். சூளையில் காகிதம் எரிந்து போய்விடும், உருண்டை மட்டும் விடுதலையாகி ஆடும். அடியில் ஒரு பிளவு. ஆட்டினால் வெண்கலம் மாதிரி நீண்டு ஒலிக்காது. தொண்டை கட்டிய குழந்தை சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். சிந்துவெளியில் கிடைத்த சுடுமண் கிலுகிலுப்பைகளும் இதே யுக்திதான்: உள்ளே மண் குண்டு, வெளியே மண் கூடு. நம்ம ஊர்த் திருவிழாக் கடையில் பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் விற்ற மண் கிலுகிலுப்பையும் அதுவேதான். உலகத்தில் மண்ணும் நெருப்பும் குழந்தையும் இருந்த இடமெல்லாம் யாரோ ஒருத்தர் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். இதிலே ‘ஜப்பானிய’ என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

இருக்கிறது. அது மணியில் இல்லை, மணியைச் சுற்றி இருக்கும் ஏற்பாட்டில். அங்கே பன்னிரண்டு விலங்குகள் வருஷத்துக்கு ஒன்றாகச் சுழல்கின்றன. எலி வருஷம், மாடு வருஷம், புலி வருஷம். புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வருஷத்து விலங்கு வடிவில் மண் மணி வாங்குகிறார்கள். அடுத்த வருஷம் விலங்கு மாறிவிடும், மறுபடியும் ஒன்று வேண்டும். கோயிலில் வாங்கிய காப்புச் சீட்டை வருஷம் முடிந்ததும் கோயிலிலேயே திருப்பிக் கொடுத்து எரிக்கும் வழக்கமும் உண்டு. காவலுக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். போன வருஷத்துக் காவல் இந்த வருஷத்துக்கு ஆகாது.

கெடு வைத்த காவல் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் சண்டை போடப் போவது அதை வைத்துத்தான்.

*

எங்கள் குலசாமி கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. பெரிய கோயில் இல்லை. ஒரு வேம்பு, ஒரு மேடை, நட்டு வைத்த வேல்கள், அப்புறம் குதிரைகள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பதினேழோ பதினெட்டோ நின்றன. முன்வரிசையில் இருப்பவை முழுசாக, இரண்டாவது வரிசையில் காது போனவை, அதற்குப் பின்னால் கால் போனவை, கடைசியில் வெறும் ஓட்டுச் சில்லாக ஆவாரஞ்செடிக்குள் கிடப்பவை. மழை மெல்ல மெல்லத் தின்று, வந்த ஏரிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் மண்ணிலேயே மணி மாலை வைத்திருப்பார் தாத்தா. சின்னச் சின்ன உருண்டை, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல். அந்தக் கீறல் இருப்பதால்தான் அது மணி, இல்லாவிட்டால் பாசி. உள்ளே உருண்டை கிடையாது, ஆடாது, ஒலிக்காது. “இது அடிக்காதா ஆத்தா?” என்று கேட்டால், “ராத்திரி சாமி ஏறுனா அடிக்கும். ஒனக்கு எதுக்குக் கேக்கணும்? கள்ளனுக்குக் கேட்டாப் போதும்” என்பாள். சாமி ராத்திரி குதிரையேறி ஊரைச் சுற்றி வருகிறது என்று தமிழ்நாடு முழுக்கவும் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கழுத்து மணி கள்ளனுக்கு மட்டும் கேட்கும் என்று சொன்னது என் ஆத்தா மட்டும்தான்.

இந்தக் குதிரை எப்படி வருகிறது தெரியுமா? கடையில் வராது. நேர்ந்துகொண்டவர்களோ ஊரோ பிடிமண் கொடுக்க வேண்டும். ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு குயவர் கையில் வைத்தால்தான் வேலை தொடங்கும். அவர் விரதம் இருப்பார். ஏரிக் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதிப்பார். நான்கு காலையும் குழல் குழலாக நிறுத்தி, காயவிட்டு, அதன் மேல் வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. அவசரப்பட்டால் தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடும். உள்ளே முழுக்கப் பொள்ளல். ஆவி போக ஓட்டை விடாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே சேறு பூசி, ஒரு ராத்திரி எரிப்பார்கள். பிறகு ஊரே வந்து தூக்கிப் போகும். தெற்கே மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இதையே புரவி எடுப்பு என்று பெரிதாக நடத்துகிறார்கள். அங்கே பல ஊர்களில் வேளார்தான் குதிரை செய்பவர், அவரேதான் ஐயனார் கோயில் பூசாரியும். கோயிலுக்கு வந்த பிறகுதான் கண் திறப்பு. கண் திறக்கும்வரை அது மண். திறந்த பிறகு அது வாகனம். திருவிழா முடிந்து மழையில் நிற்க ஆரம்பித்தால் மறுபடியும் மண்ணாகத் தொடங்கிவிடும்.

செய்கிறவர், நேர்ந்தவர், சாமி, மழை என்று நாலு பேரும் சேர்ந்து செய்கிற வேலை இது. குதிரையை மட்டும் தனியே பிய்த்து எடுத்து ‘கலைப்பொருள்’ என்று பேர் வைப்பது, கல்யாணத்தில் மாலையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து இதுதான் கல்யாணம் என்று காட்டுவது மாதிரி.

*

இப்போது என் முதல் எதிரி. அவர் என் சொந்தச் சித்தப்பா. கோயில் கமிட்டியில் இருக்கிறார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கமிட்டி கூடி, மண் குதிரை வருஷா வருஷம் உடைகிறது, அசிங்கமாக இருக்கிறது, சிமெண்டில் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தது. செய்தார்கள். ஒன்பது அடிக்கு ஒரு வெள்ளைக் குதிரை, பற்கள் தெரியச் சிரிக்கிறது, எனாமல் பெயிண்ட். பீடத்தில் உபயம் என்று போட்டு மூன்று பேர் பெயர், அதில் ஒன்று சித்தப்பாவுடையது. பழைய மண் குதிரைகளை ஜேசிபி வைத்து வழித்து ஏரியில் தள்ளி, தரைக்கு டைல்ஸ் போட்டார்கள். மழை ஐம்பது வருஷத்தில் செய்திருக்கக்கூடிய வேலையை ஜேசிபி ஒரு மணி நேரத்தில் செய்தது.

சித்தப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் சொன்ன பதில் முட்டாள்தனமானது இல்லை. “நாங்க ஏழையா இருந்தப்போ மண்ணுல செஞ்சோம். இப்போ கையில காசு இருக்கு, சாமிக்கு நிலைச்சு நிக்கற மாதிரி செய்யறோம். அதுல ஒனக்கு என்ன வலி?” என்றார். ஓட்டு வீட்டில் பிறந்து கான்கிரீட் வீடு கட்டிய ஆள் அவர். உடையாதது என்றால் அவருக்கு மரியாதை. மண் சுவர் ஒழுகும் வீட்டில் ஒரு மழைக்காலமும் தூங்காத நான் அவருக்கு மண்ணின் மகிமை சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்று அன்றைக்கு வாயடைத்துப் போனேன்.

இப்போது எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சித்தப்பா, இது அழகு பற்றிய சண்டையே இல்லை. கணக்கு. மண் குதிரை உடைகிறதே, அந்த உடைசல்தான் குயவர் வீட்டுச் சோறு. வருஷம் ஒன்று உடைந்தால் வருஷம் ஒன்று செய்ய வேண்டும். செய்ய வேண்டியிருந்ததால் தாத்தாவுக்கு அவர் அப்பா கற்றுக்கொடுத்தார். நீங்கள் சிமெண்டுக் குதிரை வைத்த அன்றைக்கு ஒரு குதிரையை மட்டும் வைக்கவில்லை, இனிமேல் வரவேண்டிய ஐம்பது குதிரைகளை நிறுத்திவிட்டீர்கள். சிமெண்டு ஆள் சேலத்திலிருந்து வந்தார், காசு வாங்கினார், போய்விட்டார். அவருக்கும் இனி எங்கள் ஊரில் வேலை இல்லை. நிலைத்து நிற்கிற குதிரையால் யாருக்கும் மறுவேலை கிடையாது, மறுநேர்த்தி கிடையாது. ஊர் கூடித் தூக்கிப் போகவும் எதுவும் இல்லை.

ஜப்பான் கோயில்காரனுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் விலங்கை மாற்றிக்கொண்டே இருக்கிறான். நம்ம ஆட்களுக்கும் தெரிந்தே இருந்தது. பொங்கலுக்குப் புதுப் பானை என்றார்கள், போன வருஷத்துப் பானை ஓட்டையா என்று பார்க்கவில்லை. கார்த்திகைக்குப் புது அகல். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாரை மூன்றாம் நாளே கிணற்றில் கரைத்தார்கள். சாவு வீட்டிலும் ஒரு மண் குடம் உடைந்தாக வேண்டும். யோசித்துப் பாருங்கள், நம் சடங்குகளில் பாதி ஏதாவது ஒரு மண் பாத்திரத்தை உடைப்பதற்காகவே ஏற்படுத்தப்பட்ட மாதிரி இருக்கும். இதைத் தத்துவமாக விளக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு இது ஒரு தொழில் ஒப்பந்தமாகத் தெரிகிறது.

*

இரண்டாவது எதிரிகள் நாம்தான். இந்தப் பத்திரிகையில் எழுதுகிற, படிக்கிற நாம்.

சித்தப்பாவைத் திட்டிய கையோடு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜேசிபி தள்ளிய குவியலில் ஒரு குதிரைத் தலை கழுத்தோடு முழுசாகக் கிடந்தது, மணி மாலையும் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சென்னையில் என் வாடகை வீட்டில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். படம் எடுத்துப் போட்டேன். நிறைய இதயங்கள் வந்தன. ‘எங்கே கிடைக்கும்?’ என்று பதினொரு பேர் கேட்டார்கள். ‘யார் செய்தது?’ என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதத் தோன்றவில்லை. ‘நாட்டார் கலை’ என்று மட்டும் எழுதினேன்.

இந்தப் பெயர் தெரியாமையை ஒரு அழகாகவே ஆக்கியவர் ஜப்பானில் யானகி சோயெட்சு. ‘மிங்கெய்’, மக்கள் கைவினை, என்ற சொல் 1925-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கியது. 1936-இல் தோக்கியோவில் அதற்கென்று ஒரு அருங்காட்சியகமே திறந்தார். பெயர் வேண்டாத, அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த பொருளில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு மிகவும் பிடித்த வாதமாக இருந்தது அது. பிறகு அதே இயக்கத்தில் அவருடைய கூட்டாளிகளைப் பார்த்தேன். ஹமாதா ஷோஜி என்ற குயவருக்கு 1955-இல் ஜப்பான் அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற அந்தஸ்தே கொடுத்தது. இன்னொரு குயவர் கவாய் கஞ்ஜிரோ அப்படிப்பட்ட மரியாதை வேண்டாம் என்று மறுத்தார். வேண்டாம் என்று மறுப்பதற்குக்கூட முதலில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, கவனியுங்கள். பெயரில்லாத கைவினைஞனின் புகழைப் பாடியவர்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது.

நம்ம பக்கம் வாருங்கள். டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் சென்னைக்கு வெளியே தட்சிணசித்ராவிலும் ஐயனார் குதிரைகள் கம்பீரமாக நிற்கின்றன. நான் ரசித்திருக்கிறேன். ஸ்டீபன் இங்லிஸ் என்ற கனடாக்காரர் மதுரைப் பக்கத்து வேளார்களோடு பழகி அவர்கள் வேலையைப் பற்றி 1980-இலேயே புத்தகம் எழுதியிருக்கிறார். நாம் 2020-களிலும் ‘மண் வாசனை’ என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். வேளார் வீட்டுக்குப் போய் ஒரு நாள் மண் மிதித்த தமிழ்ச் சிறுகதை ஆசிரியர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்.

பிராயச்சித்தமாகச் சங்க இலக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வருவோம். நற்றிணை 200-ஆம் பாட்டில் நொச்சி மாலை சூடிய முதிய குயவர் தெருவில் திருவிழாவை அறிவித்துக்கொண்டு வருகிறார். புறநானூற்றில் குயவரைக் ‘கோ’ என்று அழைத்து, தாழியைப் பெரிதாகச் செய்யச் சொல்லும் பாட்டுகள் இரண்டு இருக்கின்றன. இதெல்லாம் மேடையில் சொன்னால் கைதட்டல் வரும். ஆனால் திருவிழாவை அறிவித்தவரின் வழியில் வந்த ஆளைச் சமையல்கட்டுத் திண்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் கொண்டுவந்த மண்ணில் நாம் 2,800 ரூபாய்க்கு நிலையாமை கற்றுக்கொள்கிறோம். கோ என்ற அந்த மரியாதை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

கொல்லிமலைக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த மலைக்குப் பழைய பாட்டுகளில் பேர் வாங்கிக் கொடுத்தவர் ஓரி மட்டும் இல்லை, கொல்லிப்பாவை என்ற ஓர் உருவமும்தான். காற்று அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் உரு மாறாமல் நிற்கும் பாவை என்று நற்றிணையில் பரணர் சொல்கிறார். தெய்வம் செய்தது, அதனால் அழியவில்லை. மனுஷன் செய்வது அழியத்தான் வேண்டும் என்பது அதன் மறுபக்கம். எங்கள் கமிட்டிக்குப் பாவை மேல் போட்டி வந்துவிட்டது போல.

*

‘சரி, அப்படியானால் தாத்தாவின் பேரன் இந்தத் தொழிலுக்கே வர வேண்டும் என்கிறாயா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கேட்காவிட்டால்தான் எனக்குச் சந்தேகம்.

இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. என் அப்பா விவசாயத்தை விட்டு வாத்தியார் வேலைக்குப் போனபோது, ‘ஐயோ ஏர் உழும் மரபு போச்சே’ என்று யாரும் கட்டுரை எழுதவில்லை. பேரன் நாமக்கல்லில் பார்சல் கம்பெனியில் இருக்கிறான். மண் மிதித்தால் மழைக்காலத்தில் வருமானம் இல்லை. அரசு தரும் மழைக்கால உதவி 5,000 ரூபாய்தான், அதற்கும் நலவாரியப் பதிவு வேண்டும். ‘நீ குயவன் வீட்டுப் பையன்தானே’ என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். மரபு என்று நாம் தூரத்தில் இருந்து சொல்வது அவனுக்குச் சாதி. அவனை இழுத்துவந்து சக்கரத்தின் முன்னால் உட்கார வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

ஆனால் இதையே சாக்காக வைத்து, ‘அவர்களே விட்டுவிட்டார்கள், நாம் என்ன செய்வது’ என்று முடிப்பது அயோக்கியத்தனம். அவன் தொழிலை விட்டானா, தொழில் அவனை விட்டதா? தாத்தாவுக்கு மண் எடுக்கிற ஏரியில் பல வருஷம் காவல்காரன் தொந்தரவு. டிராக்டரில் மண் வந்தால் மணல் கொள்ளைக்காரனைப் பிடிப்பது மாதிரி பிடிப்பார்கள், கைக்குக் கை காசு. 2017-இல் தமிழ்நாடு அரசு சிறு கனிம விதிகளைத் திருத்தி, ஏரி குளத்து வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்றது. 2024-இல் தாசில்தாரே அனுமதி தரலாம் என்று இன்னும் எளிதாக்கினார்கள். நல்ல ஆணைதான், மறுக்கவில்லை. ஆனால் மண் கிடைக்கிற நேரத்தில் வாங்குகிற ஆள் போய்விட்டார். ஆணை வந்தபோது எங்கள் கோயிலில் சிமெண்டுக் குதிரை சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

லாலு பிரசாத் 2004-இல் ரயில்வே அமைச்சராக இருந்தபோது ஸ்டேஷனில் மண் குவளையில்தான் டீ என்றார். நாடே சிரித்தது. எனக்கு இன்றைக்கும் அது சிரிப்பாக இல்லை. குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் உடைத்துப் போடு, நாளைக்கு இன்னொன்று. பொருளாதாரப் புத்தகம் படிக்காத ஒரு மனுஷன் குயவர் தொழிலின் அடிமடியைச் சரியாகத் தொட்டார். நிலைக்கவில்லை என்பது வேறு கதை. 

மானாமதுரையைப் பாருங்கள். 2023-இல் அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோரும் படம் பகிர்ந்தோம். அந்த ஊர்க் கடம் நிலைத்ததற்குக் காரணம் குறியீடு இல்லை. மண்ணைச் சத்தம் போட வைக்கும் வித்தையில் அதற்கு மேல் ஒன்று இல்லை. பல கண்மாய் மண் கலந்து, ஆயிரக்கணக்கான தட்டுத் தட்டி, சுருதி சொல்லிச் செய்கிறார்கள். அந்தக் கடத்தை விக்கு விநாயகராம் மாதிரி ஒருவர் வயிற்றில் அணைத்து வாசித்தார், மேடையில் தூக்கிப் போட்டு உடைந்தாலும் அடுத்ததுக்கு மானாமதுரைக்கே போக வேண்டும். கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருதும் கொடுத்தது. வாசிக்கிறவருக்கு மட்டுமில்லை, செய்கிறவருக்கும். பயன்படுத்தும் ஆள், உடைகிற பொருள், செய்தவரின் பெயர். அங்கே மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிட்டன. அலமாரியில் வைக்கிற குதிரைத் தலைக்கு இதில் ஒன்றுகூட இல்லை. உடையாது, யாரும் ஏற மாட்டார்கள், பெயரும் கிடையாது.

அதனால் பேரனிடம் நான் கேட்கப்போவது ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வாங்குகிற பக்கத்திடம். ஒரு குதிரைக்கு என்ன கூலி? தாத்தா கடைசியாக எங்கள் கோயிலுக்குச் செய்த குதிரைக்கு ஒரு மாச வேலை. கிடைத்தது 6,000 ரூபாயும் ஒரு வேட்டியும். சிமெண்டுக் குதிரைக்கு 1,40,000. இந்த வித்தியாசத்தைப் பார்த்த எந்தப் பேரன் மண் மிதிப்பான்? சிமெண்டுக்குக் கொடுத்ததில் பாதியைக் கொடுத்துப் பாருங்கள், பார்சல் கம்பெனி வேலையையும் இதையும் அவனே எடை போட்டுக்கொள்வான். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவன் முடிவு. அப்போது குதிரை நின்றுபோனால் நானும் அழுதுவிட்டுச் சும்மா இருப்பேன்.

விடுதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டறை நடத்துங்கள், தப்பே இல்லை. கற்றுக்கொடுப்பவர் நாற்காலியில் தாத்தாவை உட்கார வையுங்கள். மண் மூட்டைக்கு 700 ரூபாய் கொடுத்தீர்கள், கைக்கும் கொடுங்கள். ஜப்பானிய மணியே செய்யட்டும், ஆட்சேபணை இல்லை. அவருக்கு அது அரை மணி நேர வேலை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதே.

*

அந்தக் குதிரைத் தலையை இந்தத் தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா “என்னம்மா பொம்மையா?” என்றார். ஆமாம் என்றேன், விளக்க நேரமில்லை. தாத்தாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்து மணியில் ஒன்றை விரலால் தடவி, “இது எங்கப்பன் கை” என்றார். “நான் கீறல இவ்வளவு ஆழமாப் போட மாட்டேன்.” அதை வைத்து அவர் ஒன்றும் உணர்ச்சிவசப்படவில்லை. கொண்டுபோய் மண் குழியில் போட்டார். பழைய ஓட்டை இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணோடு கலந்தால் சூளையில் வெடிக்காதாம்.

என் ஆத்தா சாவதற்கு முன்னால் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள், எனக்கு வேலை கிடைத்தால் ஒரு குதிரை என்று. வேலை கிடைத்து ஆறு வருஷம் ஆகிறது. பிடிமண் கொடுக்க வேண்டும் தாத்தா, எவ்வளவு சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “நீயே சொல்லு கண்ணு” என்றார். 60,000 என்றேன். சிரித்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. “அவ்வளவு கனத்த தூக்கி வெக்க எனக்கு இனி ஆகாது. பையனத்தான் ரெண்டு வாரம் லீவு போடச் சொல்லணும்” என்றார்.

பங்குனியில் கமிட்டிக் கூட்டம். டைல்ஸ் தரையில் மண் குதிரை வைக்கக் கூடாது, கறை படியும் என்று சித்தப்பா இப்போதே போனில் சொல்லிவிட்டார். வேம்புக்குப் பின்னால், ஆவாரஞ்செடிப் பக்கம், டைல்ஸ் போடாமல் ஆறடி இடம் இன்னும் பாக்கி இருக்கிறது. அளந்துகொண்டு வந்திருக்கிறேன்.